'செட்' என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் விடைகளும்

மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய ஊர்ப்பக்கங்களிலும் இருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது, வேறெந்தச் சொல்லையும் விட 'செட்' என்ற சொல்லைப் பற்றியே மிகுதியாகக் கேள்விகள் எழுகின்றன. தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இச்சொல் புதியதன்று. வயலில் பம்புசெட், திருவிழாவில் மைக்செட், உணவகத்தில் செட் தோசை என்று சிறுவயது முதலே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலம் படிக்கும்போது சில இடங்களில் கைகொடுக்கிறது, சில இடங்களில் தவறான பொருளை நோக்கி இழுத்துச் செல்கிறது. மாணவர்களும், நீதிமன்ற ஆவணங்களையும் செய்திகளையும் மொழிபெயர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

கேள்வி: ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களை உடைய சொல் 'செட்' தானா?

நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-ஆம் ஆண்டில் நிறைவடைந்தபோது மிக நீண்ட விளக்கத்தைப் பெற்றிருந்த சொல் இதுவே. 20 தொகுதிகளாக 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலும் அந்த இடம் மாறவில்லை. அதில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் காட்டப்பட்டன, அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. மூன்றாம் பதிப்புக்காக அகராதி திருத்தப்பட்டு வரும்போது 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது. பொது அறிவு நூல்கள் பலவற்றில் இன்னும் பழைய விடையே அச்சாகிறது. ஆகவே இக்கேள்வியைச் சந்திப்பவர்கள், எந்தப் பதிப்பைக் கொண்டு கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்து விடையளிக்க வேண்டும்.

இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றுள் வழக்கொழிந்த பொருள்களும், கப்பலோட்டிகளும் அச்சுத் தொழிலாளர்களும் வேட்டைக்காரர்களும் தமக்குள் வழங்கிய துறைப் பொருள்களும் அடங்கும். ஒரு தேர்வருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தேவைப்படுபவை மிகச் சிலவே, அவற்றையும் மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி இருக்கிறது.

கேள்வி: அந்த வழி என்ன? இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஒரே கருத்து இருக்கிறதா?

ஒன்றல்ல, இரண்டு வேர்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது தமிழ் இலக்கணம் படித்த ஒருவருக்கு எளிதில் விளங்கும்.

பழைய ஆங்கிலத்தில் 'சிட்டான்' என்றால் உட்காருதல். அதன் பிறவினையாகிய 'செட்டான்' என்றால் உட்கார வைத்தல். இன்றைய 'சிட்', 'செட்' என்னும் இரண்டும் அவற்றின் வழிவந்தவை. நம்மிடம் அமர் என்பதற்கு அமர்த்து, இரு என்பதற்கு இருத்து, கிட என்பதற்கு கிடத்து என்று பிறவினைகள் இருக்கின்றன அல்லவா? ஆங்கிலம் அதையே உயிரெழுத்தை மாற்றிச் செய்திருக்கிறது. 'லை' என்றால் கிடத்தல், 'லே' என்றால் கிடத்துதல். 'ரைஸ்' என்றால் எழுதல், 'ரெய்ஸ்' என்றால் எழுப்புதல். 'ஃபால்' என்றால் விழுதல், மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. இந்த நான்கு இணைகளையும் தன்வினை, பிறவினை என்று ஒருமுறை புரிந்துகொண்டவர், தேர்வுகளில் 'லை', 'லே' இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பதிலிருந்தும் தப்பிக்கலாம். பள்ளியில் தன்வினையும் பிறவினையும் தமிழாசிரியரிடம் நன்றாகக் கற்ற மாணவர்கள், ஆங்கில வகுப்பில் அந்த அறிவை வெளியிலேயே விட்டுவிட்டு வருவது எனக்கு வருத்தம் தருகிறது. இரண்டு பாடங்களுக்கும் நடுவே சுவர் இல்லை என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள்தாம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, வினைச்சொல்லாக வரும் 'செட்' என்பதன் அடிக்கருத்து, ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துதல். கடிகாரத்தில் எழுப்பு மணியை 'செட்' செய்தால் முள்ளைக் குறித்த நேரத்தில் இருத்துகிறோம். விலையை 'செட்' செய்தால் அதை ஓரிடத்தில் நிலைநிறுத்துகிறோம். பொறியை 'செட்' செய்தால் எலி வரும் வழியில் வைக்கிறோம். முறிந்த எலும்பை மருத்துவர் 'செட்' செய்கிறார் என்றால் விலகிய எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார். உணவு மேசையை 'செட்' செய்வது தட்டுகளையும் கரண்டிகளையும் உரிய இடங்களில் வைப்பது. நம் வீட்டில் அதற்கு நேரான செயல் இலை போடுவதுதான் என்பதால், ஒரு கதையை மொழிபெயர்க்கும்போது சூழலுக்கு ஏற்றபடி அப்படியே எழுதிவிடலாம்.

இரண்டாவது வேர் முற்றிலும் வேறு. இலத்தீன் மொழியில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்ற சொல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தொகுதி என்ற பொருளில் 'செட்' ஆயிற்று. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாக இருந்ததால் இந்தப் பெயர்ச்சொல்லும் பழைய வினைச்சொல்லும் காலப்போக்கில் ஒன்றன் பொருளை ஒன்று தழுவிக்கொண்டன. தமிழில் நாம் கடன் வாங்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவது 'செட்'டைத்தான். பாடநூல்களில் நம்மைத் திணறச் செய்வது முதலாவது 'செட்'.

கேள்வி: இரண்டு வேர்களையும் ஒரே இடத்தில் காட்ட ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக் கடைகளில் அதைப் பார்க்கலாம். கழுத்தணி, தோடு, வளையல் ஆகியவற்றை ஒரே வேலைப்பாட்டில் சேர்த்துச் செய்திருந்தால் அதை 'செட்' என்று கேட்டு வாங்குகிறோம். இது தொகுதி என்ற பொருள், இலத்தீன் வழி வந்தது. அதே நகையில் கல்லைப் பதிப்பதையும் ஆங்கிலம் 'செட்' என்றே சொல்லும், கல்லைத் தாங்கும் தங்கக் கட்டத்துக்கு 'செட்டிங்' என்று பெயர். இது கல்லை அதன் குழியில் இருத்துதல், பழைய ஆங்கில வழி வந்தது. நம் பொற்கொல்லர்கள் கல் பதித்தல், கல் கட்டுதல் என்று தமிழிலேயே சொல்வதால் இரண்டும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது, கூடவே வரும் சொற்களைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: பிறவினை என்றால் செயப்படுபொருள் வேண்டுமே. சூரியனும் சிமெண்டும் தயிரும் தாமாகவே 'செட்' ஆவது எப்படி?

நல்ல கேள்வி. சூரியன் 'செட்' ஆகிறது என்னும்போது, அது மேற்கில் போய்த் தங்குகிறது என்ற பழைய நோக்கு தெரிகிறது. நாமும் பொழுது சாய்ந்தது, பொழுது அடைந்தது என்கிறோம். சங்கப் பாடல்கள் ஞாயிறு படுதல் என்றன. எந்த மொழியிலும் சூரியனைத் தள்ளி உட்கார வைப்பவர் எவரும் இல்லாததால் அங்கே வினை தன்வினையாகவே நின்றுவிட்டது.

சிமெண்ட், தயிர், பாகு, ஜெல்லி ஆகியவற்றில், தளர்வாக இருந்த பொருள் தன் நிலையில் இறுகி அமைகிறது. இங்கே கட்டட வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சிமெண்ட் 'செட்' ஆவதை உலர்தல் என்று மொழிபெயர்த்தால் அறிவியல் பிழையாகிவிடும். சிமெண்ட் இறுகுவது நீர் வற்றுவதால் அல்ல, நீரோடு வேதிவினை புரிவதால். அதனால்தான் தளம் இறுகிய பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் கட்டி நிறுத்துகிறோம். இந்தியத் தரநிலைகளின்படி சாதாரண போர்ட்லேண்டு சிமெண்ட் குறைந்தது 30 நிமிடத்துக்குத் தன் தொடக்க இறுக்கத்தை அடையக்கூடாது, 600 நிமிடத்துக்குள் முழு இறுக்கத்தை அடைந்துவிட வேண்டும். கலவையைக் கொண்டுபோய்க் கொட்டிச் சமப்படுத்த நேரம் கிடைக்க வேண்டும் என்பதே முதல் எல்லைக்குக் காரணம். பொறியியல் பாடத்தில் வரும் 'செட்டிங் டைம்' என்பதற்கு இறுகும் நேரம் என்பதே பொருத்தமான தமிழ். தயிருக்கு உறைதல், பாகுக்குப் பதம் வருதல் என்று அவரவர் அடுப்படியில் உள்ள சொல்லே போதும்.

கேள்வி: இறந்தகாலத்தில் 'செட்' எப்படி எழுதப்படும்? 'செட்டட்' என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. நிகழ்காலம், இறந்தகாலம், 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' எனப்படும் இறந்தகால எச்சம் மூன்றிலும் அது 'செட்' தான். படர்க்கை ஒருமையில் நிகழ்காலத்துக்கு மட்டும் கடைசியில் 'ஸ்' ஒலி சேரும். எனவே 'ஹி செட்' என்று ஒரு வாக்கியத்தில் கண்டால் அது இறந்தகாலம், 'ஹி செட்ஸ்' என்றால் நிகழ்காலம். பிழை கண்டுபிடிக்கும் வினாக்களில் இந்த ஓர் எழுத்தைத்தான் வைத்துச் சோதிப்பார்கள். 'செட்டிங்' என்று எழுதும்போது 'டி' எழுத்து இரட்டிக்கும். உட்காருங்கள் என்று சொல்ல 'சிட்' மட்டுமே வரும், அதன் இறந்தகாலம் 'சாட்'.

கேள்வி: 'அப்', 'ஆஃப்', 'அசைட்' போன்ற சிறு சொற்கள் சேரும்போது பொருள் ஏன் முழுவதும் மாறிவிடுகிறது?

முழுவதும் மாறுவதில்லை. இருத்துதல் என்ற கருத்துக்கு அந்தச் சிறுசொல் ஒரு திசையைத் தருகிறது. தமிழில் எடுத்துவை, ஒதுக்கிவை, நிறுத்திவை என்று 'வை' என்ற துணைவினைக்கு முன்னால் வரும் வினை பொருளைத் திருப்புவதைப் போன்றதே இது. திசையைப் பார்த்தால் பொருளை ஊகிக்கலாம்.

'செட் அப்' என்பது எழுந்து நிற்கும்படி நிறுவுதல். மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881-இல் நிறுவப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் எழுத இது பொருத்தமான வினை. இதற்கு இன்னொரு பொருளும் உண்டு, ஒருவரைச் சூழ்ச்சியால் சிக்க வைத்தல். நம் பேச்சில் 'எல்லாம் செட்டப்' என்று சொல்லும்போது வரும் ஐயப்பாடு இந்த இரண்டாவது பொருளுக்கு நெருக்கமானது. அதனால் நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாட்டைத் தமிழில் 'செட்டப்' என்று எழுதினால் படிப்பவர் தவறாகக் கொள்ள இடமுண்டு.

'செட் அசைட்' என்பது ஒருபுறமாக ஒதுக்கி வைத்தல். 1921 செப்டம்பரில் மதுரையில் தங்கியிருந்த காந்தியடிகள், தம் வழக்கமான உடையை ஒதுக்கிவிட்டு அரையாடைக்கு மாறினார் என்பதை இந்த வினையைக் கொண்டு எழுதலாம். அவரைக் கொண்டே இன்னொரு தொடரையும் விளக்கலாம். எல்லாச் சாதியினருக்கும் நுழைவு கிடைக்கும்வரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் 'செட் ஃபுட்' செய்யவில்லை, அதாவது காலடி எடுத்து வைக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று ஏ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடந்த பின்னர், 1946-இல்தான் அவர் அக்கோயிலுக்குள் சென்றார். ஆங்கிலத்தில் 'செட் ஃபுட்' பெரும்பாலும் இப்படி எதிர்மறையிலும், முதன்முறையாக ஓரிடத்தை அடைவதைக் குறிக்கவும் வருகிறது. நாள்தோறும் வீட்டுக்குள் நுழைவதற்கு அதை எழுதுவதில்லை.

'செட் இன்' என்பது ஒன்று வந்து நிலைகொள்ளுதல். பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றுக்கு, அதாவது சோர்வு, அழுகல், தொற்று போன்றவற்றுக்கு வருகிறது. மழைக்கும் வரும். வானிலைச் செய்தியில் வடகிழக்குப் பருவமழையின் 'ஆன்செட்' என்று படிக்கிறோமே, அது இதே சொல்லின் உறவு. பருவமழை தொடங்கியது என்று எழுதுவது போதுமானதே. ஆயினும் ஒருநாள் தூறல் 'செட் இன்' ஆகாது, விடாது நிலைத்துப் பெய்யும் மழைதான் ஆகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

'செட் பேக்' என்பது பின்னுக்குத் தள்ளுதல். செய்தித்தாளில் பின்னடைவு. வீடு கட்டுபவர்களுக்கு இதுவே வேறு பொருள் தரும், மனையின் எல்லைக்கும் கட்டடச் சுவருக்கும் இடையே விதிப்படி விடவேண்டிய காலியிடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் சாலை அகலம், கட்டட உயரம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் அளவு கூறப்பட்டுள்ளது. வரைபட அனுமதி வாங்கச் செல்பவர்கள் பொறியாளர் வாயிலிருந்து கேட்கும் 'செட்பேக்' இதுதான், பின்னடைவு அன்று.

'செட் அவுட்', 'செட் ஆஃப்' இரண்டும் புறப்படுதலைக் குறிக்கும். ஒரு நோக்கத்தை மனத்தில் கொண்டு கிளம்புவதற்கு முன்னதும், பயணத்தைத் தொடங்குவதற்குப் பின்னதும் கூடுதலாகப் பொருந்துகின்றன. வாணவெடியைப் பற்றவைப்பதும், ஒரு செயல் மற்றொன்றைத் தூண்டிவிடுவதும் 'செட் ஆஃப்' தான்.

கேள்வி: நீதிமன்றச் செய்திகளில் 'செட் அசைட்' என்பதைத் தள்ளுபடி என்று எழுதலாமா?

கூடாது. இது மொழிபெயர்ப்பில் பெருந்தவறாக முடியக்கூடிய இடம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கி வருகிறது. தென்மாவட்ட வழக்குகள் பலவும் இங்கே வருவதால், உள்ளூர்ச் செய்தியாளர்கள் நாள்தோறும் ஆங்கில உத்தரவுகளைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. உயர்நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் உத்தரவை 'செட் அசைட்' செய்தால் அந்த உத்தரவு ரத்தாகிறது, மேல்முறையீடு செய்தவர் வெல்கிறார். மேல்முறையீட்டு மனு தள்ளுபடி செய்யப்பட்டால் கீழ் நீதிமன்ற உத்தரவு நிலைக்கிறது, மேல்முறையீடு செய்தவர் தோற்கிறார். இரண்டையும் மாற்றி எழுதினால் வென்றவரைத் தோற்றவராக அச்சிட்டுவிடுவோம். ஒரு குடும்பத்தின் நிலமோ ஒருவரின் வேலையோ சம்பந்தப்பட்ட செய்தியில் அது சிறிய பிழையாகாது. உத்தரவு ரத்து, மனு தள்ளுபடி என்று எது எதற்கு உரியதோ அதை அதனோடு சேர்த்து எழுதிப் பழக வேண்டும்.

உரிமையியல் வழக்குகளில் 'செட் எக்ஸ் பார்ட்டே' என்று ஒரு தொடர் வரும். எதிர்வாதி குறித்த நாளில் முன்னிலையாகாதபோது, அவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்று நீதிமன்றம் பதிவு செய்வது அது. நீதிமன்ற வளாகத்தில் 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப் பிறந்த தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதி இடமளிக்கிறது. அங்கே வருவதும் 'செட் அசைட்' தான். ஒருவரை வழக்கில் 'செட்' செய்வது ஒரு நிலையில் வைப்பது, தீர்ப்பை 'செட் அசைட்' செய்வது அதைச் செல்லாததாக்கி ஒதுக்குவது.

குற்ற வழக்குகளில் வரும் 'செட் ஆஃப்' புறப்படுவது அன்று. விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வது. முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆவது பிரிவு இதைப் பற்றியது. வருமான வரியில் ஒரு வகை நட்டத்தை இன்னொரு வகை வருமானத்தில் கழிப்பதற்கும் இதே பெயர். ஈடுகட்டிக் கழித்தல் என்று எழுதினால் இரண்டிடத்திலும் பொருள் தெளிவாகும்.

கேள்வி: ஒரு திரைப்படம் மதுரையில் 'செட்' செய்யப்பட்டது என்றால் மதுரையைப் போல அரங்கம் போட்டார்கள் என்று பொருளா?

இல்லை, கதை மதுரையில் நடக்கிறது என்று பொருள். படப்பிடிப்பு எங்கே நடந்தது என்பதைப் பற்றி அந்த வாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை. நாம் 'செட் போடுவது' என்று சொல்லும் அரங்க அமைப்பு பெயர்ச்சொல்லாக வரும் 'செட்'. மதுரை வீதியைச் சென்னையில் அரங்கமாக அமைத்துப் படம் பிடித்தால், கதை மதுரையில் 'செட்' ஆகியிருக்கிறது, படப்பிடிப்பு சென்னையில் ஒரு 'செட்'டில் நடந்திருக்கிறது. கதைக்களம் மதுரை என்று முன்னதை எழுதினால் குழப்பம் தீரும்.

கேள்வி: கணிதத்தில் வரும் 'செட்' நாம் கடையில் கேட்கும் 'செட்'டிலிருந்து வேறுபடுகிறதா?

வேறுபடுகிறது, வேறுபாடு மிக அழகானது. கணக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கருதப்படும் கட்டுரையை ஜெர்மானியக் கணிதவியலாளர் கேயோர்க் கேன்டர் 1874-இல் வெளியிட்டார். அவர் மொழியில் அதற்குப் பெயர் 'மெங்கே', ஆங்கிலத்தில் 'செட்', நம் பாடநூலில் கணம். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் 'கணமொழி' என்ற இயலாக இதைப் படிக்கிறோம்.

கடையில் ஒரு செட் டம்ளர் வாங்கினால் ஒரே மாதிரியான ஆறு டம்ளர்கள் கிடைக்கும். கணிதக் கணத்தில் ஒரே உறுப்பை ஆறுமுறை எழுதினாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும், எந்த வரிசையில் எழுதினாலும் கணம் மாறாது. மேலும், ஒரு பொருள் கணத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் இருவருக்கு இருவேறு கருத்து இருக்கக்கூடாது. மதுரையின் நல்ல உணவகங்கள் என்பது கணமாகாது, எது நல்லது என்பதில் வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இராது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகள் என்பது கணம். கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி ஆகிய நான்கு உறுப்புகள், ஐயத்துக்கு இடமில்லை.

கேள்வி: விளையாட்டுகளில்?

ஓட்டப்பந்தயத்தில், குறிப்பிட்ட நிலையில் உடலை அசையாமல் இருத்திக்கொள் என்பதற்கான ஆணை 'செட்'. 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டுமே அது உண்டு, அதற்கு மேற்பட்ட தொலைவுகளில் அந்த ஆணை கொடுக்கப்படுவதில்லை.

ஆட்டத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் 'செட்' வேறு. டென்னிஸில் இரண்டு வித்தியாசத்தோடு ஆறு 'கேம்'களை வெல்பவருக்கு ஒரு செட். நம் கிராமங்களில் மாலை நேரத்தில் ஆடப்படும் கைப்பந்தில் 25 புள்ளிக்கு ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15 புள்ளிக்கு, இரண்டிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். இறகுப்பந்தில் 21 புள்ளிக்கு ஆடுவதையும் நாம் செட் என்றே சொல்கிறோம். அந்த விளையாட்டின் விதிநூல் அதைக் 'கேம்' என்கிறது. ஆங்கிலத்தில் போட்டிச் செய்தி எழுதும்போது அப்படியே எழுத வேண்டும்.

கேள்வி: பம்புசெட், ரேடியோ செட், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றில் உள்ள 'செட்' எது?

பல உறுப்புகள் சேர்ந்து ஒரே கருவியாக இயங்குவது. மோட்டாரும் பம்பும் சேர்ந்தது பம்புசெட். நம் பக்கத்தில் அந்தச் சொல் கருவியைத் தாண்டி, கிணறும் தொட்டியும் கொட்டகையும் அடங்கிய இடத்துக்கே பெயராகிவிட்டது. 'பம்புசெட்டில் குளித்துவிட்டு வருகிறேன்' என்ற வாக்கியத்தை அப்படியே ஆங்கிலமாக்கினால் இயந்திரத்துக்குள் குளித்ததாகிவிடும். ரேடியோ செட் என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் அது வானொலிப் பெட்டி, இங்கே அது திருமண வீட்டிலும் காதுகுத்திலும், அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் மண்டகப்படிகளிலும் கட்டப்படும் ஒலிபெருக்கி ஏற்பாடு முழுவதையும் குறிக்கிறது. செட்டாப் பாக்ஸ் என்பதில் வரும் செட், தொலைக்காட்சிப் பெட்டி. அதன் தலையில் வைக்கப்பட்டதால் அந்தப் பெயர், 'செட் அப்' என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: 'எனக்கு செட் ஆகாது', 'நாங்கள் ஒரே செட்டு' ஆகியவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

இரண்டிலும் ஆங்கிலத்தின் 'செட்' வராது. பொருந்தாது என்ற பொருளில் நாம் சொல்லும் 'செட் ஆகாது' தமிழர் படைத்த வழக்கு. சட்டையோ உணவோ வேலையோ பொருந்தவில்லை என்றால் 'சூட்' என்ற வினையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் 'கெட் அலாங்'. நேர்காணலில் இத்தவறு அடிக்கடி நிகழ்கிறது. 'ஒரே செட்டு' என்று நாம் சொல்வது உடன் படித்தவர்களையோ ஒத்த வயதினரையோ, அதற்கு ஆங்கிலத்தில் 'பேட்ச்' அல்லது 'கிளாஸ்மேட்'. ஆங்கிலத்திலும் ஒரு வட்டத்து மனிதர்களை 'செட்' என்பதுண்டு, ஆனால் அதில் செல்வமும் மேட்டிமையும் கலந்த ஒரு வாடை இருக்கும்.

கேள்வி: கட்டுச்செட்டு என்பதில் உள்ள 'செட்டு' ஆங்கிலமா?

இல்லை, அது தூய தமிழ்ச் சொல். செட்டு என்றால் சிக்கனம், வணிகம். 'கட்டுச்செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்று பாராட்டுவதில் ஆங்கிலத்தின் நிழல்கூட இல்லை. ஒலி ஒப்புமையைக் கண்டு இதை வடிகட்டிவிட வேண்டாம்.

கேள்வி: தேர்வறையில் 'எந்த செட்?' என்று கேட்கிறார்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கும் 'செட்' என்கிறார்கள். இவையும் இதே சொல்லா?

முன்னது ஆம். வினாக்களின் வரிசையை மாற்றி அச்சிட்ட வினாத்தொகுப்புகளில் உங்களுக்கு வந்தது எது என்று கேட்கிறார்கள். வினாத்தாளைத் தயாரிப்பவரையும் 'செட்டர்' என்பார்கள், அது வினையிலிருந்து வந்தது. பின்னது மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள், சொல்லே அன்று.

கேள்வி: தமிழில் எழுதும்போது 'செட்' என்று எழுதலாமா?

பம்புசெட், மைக்செட், செட் தோசை ஆகியவற்றை மாற்ற முயல்வது வீண். அவை பொருளின் பெயர்களாக ஊன்றிவிட்டன. விலை நிர்ணயம், அரங்கம், தொகுதி, இறுகுதல், பதித்தல், ரத்து என்று தெளிவான சொல் கையில் இருக்கும் இடங்களில், குறிப்பாகச் சட்டமும் அறிவியலும் பேசப்படும் இடங்களில், 'செட்' என்று எழுதுவது படிப்பவருக்கு ஊகிக்கும் வேலையைக் கொடுக்கிறது. அங்கே எழுதுபவர்தான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். ஐயம் வந்தால் அகராதியில் தனிச் சொல்லைத் தேடாமல், அதனோடு வந்த சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். 'செட்' பதிவின் முடிவில் 'அசைட்', 'இன்', 'ஆஃப்' என்று தனித்தனியாகத் தொடர்வினைகள் தரப்பட்டிருக்கும்.